வன்னி வீட்டுக்கு மரத்தரை சரிவருமா?

கேள்வி: கிளிநொச்சிப் பக்கம் எங்கள் காணியில் புது வீடு கட்டுகிறோம். கூரை ஏறிவிட்டது. அத்திவாரத்துக்குள் மண் நிரப்பித் தரை போடும் வேலை மிச்சம். முன் விறாந்தையில் மட்டும் மாபிள் பதித்தாயிற்று. ஜேர்மனியில் இருக்கும் அண்ணா, தன் வீட்டில் உள்ளது போல ஓக் மரத்தில் முழுமரப் பார்க்கெட் தரை, அதாவது மரத்துண்டுகளைப் பொருத்திப் பதிக்கும் தரை, போடச் சொல்கிறார்; பலகையைத் தானே கப்பலில் அனுப்புகிறாராம். மேசன், "கறையான் தின்றுபோடும், பேசாமல் மாபிள் போடுங்கோ" என்கிறார். பழைய வீட்டுக் கூரையில் இருந்து கழற்றிய முதிரை மரங்களும் கொட்டிலில் கிடக்கின்றன. முழுமரத் தரை எங்களுக்குச் சரிவருமா? விறாந்தை மாபிளுக்கு மேலேயும் பதிக்கலாமா? நான் விஞ்ஞான ஆசிரியை. காரணத்தோடு சொன்னால் நல்லது.

பதில்: அன்புள்ள சகோதரி, சரிவரும். ஆனால் வீடு முழுவதற்கும் வேண்டாம், ஓக்கிலும் வேண்டாம். இரண்டு படுக்கை அறைகளுக்கு மட்டும், இங்கேயே நன்றாக உலர்ந்த தேக்கிலோ உங்கள் கொட்டிலில் கிடக்கும் முதிரையிலோ போடுங்கள். மற்ற இடங்களுக்கு மேசன் சொல்வதுதான் சரி. நீங்கள் இன்னும் தரைக்குக் கொங்கிறீற் போடவில்லை என்பதுதான் உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த செய்தி. மரத்தரையின் ஆயுளைத் தீர்மானிக்கும் வேலைகளில் பாதி அந்தக் கொங்கிறீற்றுக்குக் கீழேதான் நடக்கிறது. வீடு முடிந்த பிறகு எழுதுகிறவர்களுக்கு என்னால் இவ்வளவு நம்பிக்கையோடு பதில் சொல்ல முடிவதில்லை.

முதலில், எதை முழுமரம் என்கிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். கடைகளில் மரத்தரை என்ற பேரில் மூன்று பொருள்கள் விற்கிறார்கள். லமினேற் என்பது அழுத்திய மரத்தூள் அட்டையின் மேல் மரத்தின் படத்தை ஒட்டியது. அடுத்தது, பிளைவூட் போன்ற அடுக்குகளின் மேல் சில மில்லிமீற்றர் நல்ல மரம் ஒட்டியது. மூன்றாவதுதான் முழுமரம்: மேலிருந்து கீழ்வரை ஒரே மரம், பெரும்பாலும் 15 முதல் 22 மில்லிமீற்றர் தடிப்பு. பலகையின் வெட்டுமுனையைப் பாருங்கள். மேலே தெரியும் ரேகை முனையிலும் கீழ்வரை தொடர்ந்து போனால் அது முழுமரம். அதன் பெரிய நன்மை, தேய்ந்தாலும் கீறல் விழுந்தாலும் மேலே தேய்த்துப் புதிதாக்கலாம், ஒரு தடவை அல்ல, பல தடவை. லமினேற்றில் படம் தேய்ந்தால் அதோடு சரி.

இனிக் காரணத்துக்கு வருவோம். மாரியில் கதவு இறுகுவதும் கோடையில் அதே கதவு தளர்ந்து ஆடுவதும் வன்னியில் எல்லோரும் பார்த்ததுதான். வெட்டிப் பல வருடமான மரமும் காற்றின் ஈரத்தை வாங்கும், திருப்பிக் கொடுக்கும். காற்றின் சாரீரப்பதன், அதாவது காற்றுத் தாங்கக்கூடிய ஈரத்தில் அது உண்மையில் கொண்டிருக்கும் பங்கு, 65 சதவீதம் அளவில் நீண்ட நாள் நின்றால் மரத்தின் ஈரம் சுமார் 12 சதவீதத்தில் வந்து நிற்கும். சாரீரப்பதன் 80 ஆனால் மரம் 16 சதவீதத்துக்குப் போகப் பார்க்கும். ஈரம் ஏறும்போது மரம் அகலத்தில் பெருக்கும், நீளத்தில் அனேகமாக அசையாது. எவ்வளவு பெருக்கும் என்பது மரத்தையும் அதை அறுத்த விதத்தையும் பொறுத்தது. ஈரம் ஒவ்வொரு சதவீதம் கூடும்போதும் தேக்கு, வளையங்களை ஒட்டிய திசையில் சுமார் 0.19 சதவீதமும், நடுவில் இருந்து பட்டையை நோக்கிய திசையில் சுமார் 0.1 சதவீதமும் பெருக்கும். ஓக் வளையத் திசையில் சுமார் 0.36 சதவீதம்.

இதை உங்கள் அறைக்குப் போட்டுப் பார்ப்போம். ஐரோப்பியத் தரநியமம் முழுமரப் பார்க்கெட்டை 7 முதல் 11 சதவீத ஈரத்தில் விற்கச் சொல்கிறது. அது அந்த நாட்டுக்குப் பொருத்தமான அளவு. அங்கே குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குவதால் அறைக்காற்று வறண்டு பலகைகள் சுருங்கும். உங்கள் அண்ணாவின் தரைக்கு வரக்கூடிய வருத்தம் இடைவெளி. அதே பலகை 9 சதவீத ஈரத்தோடு கிளிநொச்சிக்கு வந்து, கார்த்திகை, மார்கழியில் 16 சதவீதத்தை நோக்கிப் போனால் ஏழு சதவீத மாற்றம். 3 மீற்றர் அகலமான அறையில் ஓக் தன்பாட்டில் பெருக்க விட்டால் சுமார் 75 மில்லிமீற்றர். மூன்று அங்குலம்! பசையும் வார்னிஷும் இதைக் குறைக்கும், மழைக்காலம் முடிவதற்குள் மரம் முழு ஈரத்தையும் எட்டாமலும் போகலாம். ஆனாலும் சுவரோரம் யாரும் அவ்வளவு இடம் விடப்போவதில்லை. பலகைகள் ஒன்றை ஒன்று நெரித்து நடுவில் கூடாரமாக எழும்பும், அல்லது ஒவ்வொரு பலகையின் ஓரமும் உயர்ந்து நடு குழியும். ஓக் மோசமான மரம் என்று நான் சொல்லவில்லை. வேறொரு காலநிலைக்கு உலர்த்திய மரம் அது. கறையானையும் அது நன்றாகத் தாங்காது. அண்ணாவின் ஆசை நல்லது, அதை வேறு வழியில் நிறைவேற்றலாம்: ஊசி குத்திப் பார்க்கும் ஈரமானி ஒன்றை வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்கு அது ஒரு கொள்கலன் பலகையை விடப் பெறுமதியானது.

தேக்கைப் பாருங்கள். இங்கே உலர்ந்து 12 சதவீதத்தில் இருக்கும் தேக்கு 16க்குப் போனாலும் அதே 3 மீற்றரில் வளையத் திசையில் சுமார் 23 மில்லிமீற்றர்தான். வளையக் கோடுகள் வெட்டுமுனையில் நிமிர்ந்து நிற்கும்படி அறுத்த பலகை என்றால் சுமார் 12. சுவரைச் சுற்றி ஒவ்வொரு பக்கமும் 12 முதல் 15 மில்லிமீற்றர் இடம் விட்டால் அதற்குப் போதும். அதனால் மரக்காலையில் பலகை தெரிவு செய்யும்போது முகத்தைப் பார்க்காதீர்கள், முனையைப் பாருங்கள். கோடுகள் நிமிர்ந்த பலகைகளை ஒரு பக்கம் ஒதுக்கச் சொல்லுங்கள். முகத்தில் பூப்போல வளைந்து ஓடும் ரேகை அழகுதான், ஆனால் அதிகம் அசைவதும் அந்தப் பலகைதான். வைரம் பாய்ந்த பகுதியை மட்டும் எடுங்கள். வெளுத்த ஓரம் இருந்தால் அறுத்துக் கழியுங்கள். தேக்கு என்றால் கறையான் தொடாது என்பார்கள், அது வைரத்துக்குத்தான் பெருமளவு பொருந்தும். வெளிறைக் கறையானும் தின்னும், உளுவும் அரிக்கும்.

அகலமான பலகை பார்க்கப் பணக்காரத்தனமாக இருக்கும். நீங்கள் அதில் மயங்கவேண்டாம். தடிப்பைப் போல நாலைந்து மடங்குக்கு மேல் அகலம் போனால் அது வளையத் தொடங்கும். 18 மில்லிமீற்றர் தடிப்புக்கு 70 முதல் 80 மில்லிமீற்றர் அகலம் நல்ல அளவு. ஓரங்களில் நாக்கும் காடியும் எடுத்து ஒன்றுக்குள் ஒன்று கோர்க்க வேண்டும். மீன்முள் வடிவமும் கூடைப்பின்னல் வடிவமும் வேண்டுமா என்று ஓடாவியார் கேட்பார். செய்யலாம், மரக்கழிவு கூடும், வேலை நாளும் கூடும். இங்கு அந்த வடிவத்தில் பழகிய கைகள் குறைவு என்பதால் முதல் அறைக்கு நேர்ப்பலகை போடச் சொல்வேன்.

உங்கள் முதிரை மரங்களைப் பற்றி வாசித்ததும் எனக்கு உண்மையிலேயே சந்தோசம். பல வருடம் கூரையில் கிடந்து காய்ந்த முதிரையை எந்தக் கடையிலும் அந்த நிலையில் வாங்க முடியாது. பாரமான, இறுகிய, பொன்னிறம் அடிக்கும் மரம். 4க்கு 2 அங்குலக் கைமரங்களை இரண்டாகப் பிளந்தால் சீவிய பிறகு இந்த அளவுப் பலகை கிடைக்கும். ஆணித்துளை உள்ள இடங்களைக் கழித்து நீளம் குறைந்தாலும் பரவாயில்லை, பார்க்கெட்டுக்குக் கட்டைத் துண்டும் உதவும். ஆனால் ஆலைக்குக் கொண்டுபோக முன்னர் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, ஒவ்வொரு மரத்தையும் உலோகம் காட்டும் கருவியால் தடவிப் பார்க்க வேண்டும். சண்டை நடந்த ஊர்களில் நின்ற மரத்திலும் வீட்டிலும் ஆணி மட்டும் இருப்பதில்லை. துப்பாக்கிச் சன்னமோ செல் துண்டோ வாளில் பட்டால் வாள் உடையும், அறுப்பவருக்கும் ஆபத்து. சந்தேகமான துண்டை விட்டுவிடுங்கள். மற்றது, மரம் ஏற்றி இறக்க அனுமதிப்பத்திரம் தேவை. முதிரை என்றால் இன்னும் கவனமாகப் பார்ப்பார்கள். பழைய வீட்டு மரம்தானே என்று லாண்ட்மாஸ்ரரில் ஏற்றிவிடாமல், கிராம அலுவலரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வனத் திணைக்கள அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். புதிதாக முதிரை வாங்கும் எண்ணம் வேண்டாம். காட்டில் களவாக வெட்டிய மரம் உங்கள் அறைக்குள் வரக்கூடாது. குறைகிற அளவுக்குத் தேக்கை வாங்கி மற்ற அறைக்குப் போடுங்கள்.

கணக்குக்கு ஒன்று சொல்கிறேன். 10க்கு 12 அடி அறை 120 சதுர அடி. ஓர் அங்குலப் பலகையில் 10 கன அடி. வெளிறு, வெடிப்பு, சீவல், நாக்கு எல்லாம் கழிய வேண்டுமென்பதால் 14 கன அடிக்குக் குறையாமல் வாங்குங்கள். பாதியில் மரம் முடிந்து வேறு இடத்தில் வாங்கினால் நிறம் சேராது.

மரம் உலர்ந்துவிட்டதா என்று விற்பவரின் வாயைக் கேட்கவேண்டாம். உங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில் அடுப்பு இருந்தால் நீங்களே பார்க்கலாம். பலகையின் நடுவில் இருந்து, முனையில் இருந்தல்ல, ஒரு சிறு துண்டு வெட்டி உடனே நிறுங்கள். பிறகு 103 பாகை செல்சியசில் நிறை மாறாமல் நிற்கும் வரை காயவைத்து மறுபடி நிறுங்கள். 100 கிராம் துண்டு 88 கிராமில் நின்றால், போன 12 கிராமை 88ஆல் வகுக்க வேண்டும்: 13.6 சதவீதம். இங்கே பதிப்பதற்கு 12 முதல் 14 சதவீதம் நல்லது. அதற்கு மேல் என்றால் கொட்டிலில் இடைக்குச்சி வைத்து அடுக்கிக் காத்திருங்கள். அளவு சரியாக வந்த பிறகும் இரண்டு, மூன்று கிழமைக்குப் பதிக்கப்போகும் அறைக்குள்ளேயே, யன்னல்களைத் திறந்து, அடுக்கி வையுங்கள்.

இப்போது தரைக்குக் கீழே போவோம். இதை மேசனோடு பக்கத்தில் இருந்து வாசியுங்கள். மாரியில் உங்கள் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு மேலே வரும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த ஈரம் மண் வழியாகக் கொங்கிறீற்றுக்கும், அதிலிருந்து மரத்துக்கும் ஏறும். அத்திவாரத்துக்குள் நிரப்பும் மண்ணில் பலகைத் துண்டு, வேர், சீமெந்துப் பை, தென்னோலை ஒன்றும் இருக்கக்கூடாது. கறையானுக்கு நாமே வைக்கும் சோறு அது. மண்ணை நனைத்து இறுக்கிய பிறகு, கொங்கிறீற் போட முன்னர், கறையான் மருந்தை அந்தத் தொழில் தெரிந்தவர்களைக் கொண்டு மண்ணுக்கு அடியுங்கள். சுவரோரங்களிலும் குழாய்கள் ஏறும் இடங்களிலும் விசேடமாக. கிணறு கிட்ட இருந்தால் அதை அவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் 1000 கேஜ் பொலித்தீன், ஓரங்கள் ஓர் அடி ஒன்றன்மேல் ஒன்று ஏற, ஒட்டி விரிக்க வேண்டும். கம்பியும் சப்பாத்தும் கிழித்த இடங்களைக் கொங்கிறீற் கொட்ட முன்னர் நீங்களே குனிந்து பாருங்கள். அந்த அரை மணித்தியாலத்தை யாரிடமும் ஒப்படைக்கவேண்டாம்.

மேல்சாந்து பூசியதும் மரம் பதிக்க அவசரப்படாதீர்கள். நல்ல காற்றோட்டத்தில் மில்லிமீற்றருக்கு ஒரு நாள் என்று 40 மில்லிமீற்றர் வரை ஒரு பருமட்டான கணக்கு உண்டு. தடிப்புக் கூடினால் அதைவிட மெதுவாகத்தான் காயும், கீழே உள்ள கொங்கிறீற்றுக்கு மாதங்கள் வேண்டும். பார்க்கும் வழி இலகு: ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனை நாலு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டி ஒரு நாள் விட்டுக் கழற்றுங்கள். உள்ளே வியர்த்திருந்தாலோ சீமெந்து கறுத்திருந்தாலோ ஈரம் இன்னும் ஏறுகிறது. ஆவணியில் செய்து பார்த்து நிம்மதி அடைவதில் பயன் இல்லை. மார்கழியில், வயல் நிறையத் தண்ணீர் நிற்கும்போது செய்யுங்கள். அப்போதும் காய்ந்திருந்தால் அந்தத் தரையை நம்பலாம். ஈரம் காட்டினால் அந்த அறைக்கும் மாபிளைப் போட்டுவிட்டு முதிரையைக் கட்டிலாகவோ அலுமாரியாகவோ செய்யுங்கள்.

பதிக்கும் மாதம் பங்குனி, சித்திரை. ஆவணி வறட்சியில் மரம் காய்ந்திருக்கும்போது இறுக்கிப் பதித்தால் மாரியில் எழும்பும். மாரியில் பதித்தால் ஆவணியில் இடைவெளி விழும். நடுவில் பதித்தால் இரு பக்கமும் அசைவு பாதிதான். வீடு குடிபூரலையும் அதற்கு முன்னர் முடித்துவிடுங்கள். பசு, பால்ப்பானை, சமையல், சனம் எல்லாம் வந்துபோன பிறகு மரம் வரட்டும்.

எங்கள் பக்கத்து ஓடாவியார்கள் சட்டம் அடித்து அதன்மேல் பலகையை ஆணி அறைவார்கள். மாடியில் அது நல்ல முறை. நிலத்தோடு இருக்கும் தளத்தில் எனக்கு அதில் விருப்பம் இல்லை. சட்டங்களுக்கு இடையில் உள்ள இருட்டு இடைவெளி கறையானுக்குப் போதும், பல மாதம் யாருக்கும் தெரியாது. கொங்கிறீற்றில் முழுதாகப் பசை பூசி ஒட்டுவதே மேல். அதற்கென்று வரும், காய்ந்த பிறகும் ரப்பர்த்தன்மை உள்ள பசையைத்தான் வாங்க வேண்டும். கதிரை செய்யும் வெள்ளைப் பசையில் தண்ணீர் இருக்கிறது, பலகை முதல் நாளே பெருக்கும். இரண்டு மீற்றர் நேர்ச்சட்டத்தைத் தரையில் வைத்தால் அதன் கீழ் 3 மில்லிமீற்றருக்கு மேல் பள்ளம் இருக்கக்கூடாது. சுவரோர இடைவெளியில் சாந்து, மரத்துண்டு ஒன்றும் அடையாமல், மேலே ஒரு மரப்பட்டியைச் சுவரில் திருகாணியால் பூட்டுங்கள். ஆணியால் அல்ல. வருடத்துக்கு ஒரு தடவை, ஐப்பசிக்கு முன்னர், அதைக் கழற்றிக் கறையானின் மண்கோடு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கறையானுக்கு எதிராக நான் சொல்லக்கூடியதில் மிக மலிவான, மிகப் பயனுள்ள வேலை இதுதான். மேசனின் பயத்துக்கும் இதுவே பதில்.

தண்ணீர் விடயத்தில் வீட்டில் எல்லோரும் உடன்பட வேண்டும். வெள்ளிக்கிழமை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவும் பழக்கம் அந்த அறைகளுக்குள் போகக்கூடாது. கூட்டிவிட்டு, இறுக்கிப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். பிரான்சின் வேர்சாய் மாளிகையில் 1684இல் மாபிள் தரையை எடுத்துவிட்டு மரப் பார்க்கெட் போட்டதற்கே காரணம் தண்ணீர்தான்: மாபிளை ஓயாமல் கழுவியதில் கீழே தாங்கி நின்ற மர உத்தரங்கள் இற்றுப்போயின. சாமியறை, குசினி, குளியலறை வாசல், முன்கதவடி நாலுக்கும் மரம் வேண்டாம். விளக்கெண்ணெயும் மஞ்சள்தண்ணீரும் மரத்தில் இறங்கினால் கறை போகாது.

மேல்பூச்சுக்கு எண்ணெயா வார்னிஷா என்று கேட்பீர்கள். வார்னிஷ் தண்ணீரை நன்றாகத் தடுக்கும், ஆனால் கீறினால் முழு அறையையும் தேய்க்க வேண்டும். எண்ணெய்ப்பூச்சுக் கீறிய இடத்தை மட்டும் தேய்த்துத் திரும்பப் பூசலாம், வருடத்துக்கு ஒரு தடவை கவனிக்க வேண்டும். எங்கள் செம்மண்ணிலும் மணலிலும் கீறல் விழாமல் இருக்காது, அதனால் என் தெரிவு எண்ணெய். பூசிய துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் போன்றவை காயும்போது சூடாகும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து வெளியில் விரித்துக் காயவிடுங்கள்.

விறாந்தை மாபிளுக்கு மேல் போடவேண்டாம். சாரல் அடிக்கும், வெயில் படும், ஈரக்காலோடு வருவார்கள். தரை உயர்ந்து கதவும் தட்டும். அந்த மாபிள் அப்படியே இருக்கட்டும்.